கைகட்டி, வாய்பொத்தி: ஓர் அடிமை சொன்னால் எப்படி இருக்கும் ‘மார்த்தாண்ட வர்மா’?

சென்ற ஓண விடுமுறைக்கு வந்திருந்த என் பேத்தி, சாப்பிடும்போதும் ஒரு நாவலைக் கீழே வைக்கவில்லை. எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிற பிள்ளை. “அப்படி என்ன புஸ்தகம் மக்களே?” என்று கேட்டேன். “ஹக்கிள்பெரி ஃபின் கதை பாட்டா. ஆனா அந்தப் பையன் சொல்லல்ல, கூட வர்ற அடிமை ஜிம் சொல்லுகான்” என்றாள். முடித்துவிட்டு என்னிடம் தந்தாள். நானும் வாசித்துத் திருப்பிக் கொடுத்த அன்றைக்கு அவள் கேட்ட கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம்: “நம்ம சி.வி.யோட மார்த்தாண்ட வர்மாவை இப்படி ஒரு அடிமை சொன்னா எப்படி இருக்கும்? அதுல சொல்லுகதுக்கு ஆளு உண்டா பாட்டா?”

சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து நாலைந்து தடவை வாசித்த நாவல். பாத்திரங்களின் பெயரெல்லாம் மனப்பாடம். ஆனால் அந்தக் கதை நடக்கிற மண்ணில் உழுதவன் யார், நாற்று நட்டவள் யார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

ஜிம், ஜேம்ஸ் ஆன கதை

மார்க் ட்வெயினின் நாவல் 1884-85இல் வெளிவந்தது. குடிகாரத் தகப்பனிடமிருந்து தப்பி ஓடுகிறான் சிறுவன் ஹக். மனைவி மகளைவிட்டுப் பிரித்துத் தன்னை விற்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடுகிறான் ஜிம். இருவரும் ஒரே தெப்பத்தில் மிசிசிப்பி ஆற்றில் போகிறார்கள். அடிமைத்தனத்தை ட்வெயின் நியாயப்படுத்தவில்லை, கேலி செய்தார். ஆனாலும் ஜிம்மை நாம் பார்ப்பது ஹக்கின் கண்ணால் மட்டுமே. பையன் தெப்பத்தைவிட்டு இறங்கிப் போய்விட்டால் ஜிம்மும் கதையில் இல்லாமல் போகிறான்.

பெர்சிவல் எவரெட் 2024இல் எழுதிய ‘ஜேம்ஸ்’ அந்த இல்லாத நேரங்களைத்தான் பிடித்துக்கொள்கிறது. அவ்வாண்டு அமெரிக்க தேசிய நூல் விருதும் 2025இல் புலிட்சர் பரிசும் பெற்ற நாவல் இது. பையன் சாகசம் செய்துகொண்டிருக்கையில் ஜிம் என்ன செய்தான், யாருக்குப் பயந்தான், எதை நினைத்தான் என்பதே கதை. பழைய கதையில் வேடிக்கையாக வந்த நிகழ்ச்சிகள் இங்கே உயிர்ப் பிரச்சினை ஆகின்றன. ஒரு சிறு பென்சிலை ஜேம்ஸுக்காகத் திருடிக் கொடுத்த அடிமை ஒருவன், அதற்காகவே கொல்லப்படுகிறான். பையன் சொன்ன கதையில் பென்சில் ஒரு பொருட்டே அல்ல.

இன்னொன்று, பேச்சு. ட்வெயினின் ஜிம் கொச்சையாகப் பேசுவான். எவரெட்டின் ஜேம்ஸும் அப்படித்தான் பேசுகிறான், ஆனால் வெள்ளைக்காரர் முன்னால் மட்டும். தனியே இருக்கும்போது அடிமைகள் திருத்தமான ஆங்கிலத்தில் உரையாடுகிறார்கள். குழந்தைகளுக்கு ஜேம்ஸ் பாடமே நடத்துகிறான். எஜமானி வீட்டு அடுக்களையில் தீப்பிடித்தால் “தீ” என்று நேரே சொல்லக்கூடாதாம். அவள் தானே கண்டுபிடித்ததுபோல் இருக்கும்படி சுற்றிவளைத்துச் சொல்லவேண்டுமாம். தங்களைவிடப் புத்திசாலி என்று எஜமானர்களுக்குத் தோன்றிவிட்டால் அடிமைக்கு ஆபத்து!

இம்முயற்சி எவரெட்டோடு தொடங்கியதல்ல. 1936இல் வந்த ‘கான் வித் த விண்ட்’ நாவலை, அந்தப் பண்ணையில் அடிமையாகப் பிறந்த சினாரா என்ற பெண்ணின் வாயால் 2001இல் மறுபடி சொன்னார் ஆலிஸ் ராண்டால். மூலநூலின் உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். கீழ்க்கோர்ட் நூலைத் தடுத்தது. மேல்முறையீட்டில் தடை நீங்கியது. ஒரு பழைய கதையை இன்னொரு வாய் சொன்னால் இத்தனை கலக்கம் ஏன்? கதை மாறுவதில்லை, கதையில் எது முக்கியம் என்பது மாறுகிறது. அதுதான் காரணம்.

நமக்கும் இது முற்றிலும் புதிதல்ல. புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய ‘சாபவிமோசன’த்தில் அகலிகை தன் நியாயத்தைக் கேட்டாள். எம்.டி. வாசுதேவன் நாயர் 1984இல் ‘ரண்டாமூழ’த்தில் பீமனைப் பேசவிட்டார். ஆனால் ஒருத்தி ரிஷிபத்தினி, மற்றவன் ராஜகுமாரன். பேசும் உரிமை அரண்மனைப் படியும் ஆசிரமப் படியும் இறங்கி வயலுக்கு இன்னும் வரவில்லை.

வேடத்தில் வந்த சான்னான்

இனி நம் ஊர் நாவலுக்கு வருவோம். சி.வி. ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்ட வர்மா’ 1891இல் வெளியானது. மலையாளத்தின் முதல் சரித்திர நாவல். 1729இல் முடிசூடிய மார்த்தாண்ட வர்மா அதற்குமுன் இளவரசராக உயிருக்கு ஒளிந்து திரிந்ததும், தம்பிமாரும் எட்டுவீட்டுப் பிள்ளைமாரும் செய்த சூழ்ச்சியும் கதை. சாரோடு, பத்மநாபபுரம் என்று கதை நடக்கும் இடங்களில் பல இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில், அதாவது தமிழ்நாட்டில் இருக்கின்றன. நம்மில் பலருடைய பூர்வீக ஊர்கள் அந்தப் பக்கம்தான்.

இளவரசரை ஆபத்தில் காப்பவன் ‘பிராந்தன் சான்னான்’. பைத்தியக்காரச் சான்னான் என்று பொருள். வாசகனுக்கு மிகவும் பிடித்த பாத்திரம். ஆனால் அவன் சான்னானும் அல்ல, பைத்தியமும் அல்ல. திருமுகத்துப் பிள்ளையின் மகன் அனந்தபத்மநாபன் மாறுவேடத்தில் வருகிறான். நாவலிலேயே சுவையான திருப்பம் இது. ஆனால் ‘ஜேம்ஸ்’ படித்தபின் இந்த இடத்தில் எனக்கு நெருடியது. தாழ்த்தப்பட்டவனின் வீரத்தைக் கதை கொண்டாடும்போது, உள்ளே இருப்பவன் பிரபு வீட்டுப் பிள்ளை.

எவரெட்டின் நாவலிலும் வேடம் உண்டு. முகத்தில் கரிபூசிக் கறுப்பர்போல் பாடியாடும் வெள்ளைக்காரக் கோஷ்டி ஒன்று ஜேம்ஸைப் பாடகனாகச் சேர்த்துக்கொள்கிறது. நிஜக் கறுப்பன் மேடையேறினால் சபை பொறுக்காது. ஆகவே அவனுக்கும் கரிபூசி, கறுப்பு வேடம் போட்ட வெள்ளைக்காரன்போல் ஆக்குகிறார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத இடம் அது. தாழ்ந்தவன் வேடமாக வந்தால் ரசிப்போம், ஆளாக வந்தால் பொறுக்கமாட்டோம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

சான்னார்கள் சட்டப்படி அடிமைகள் அல்லர் என்பதையும் சொல்லவேண்டும். ஊழியமும் வரிகளும் அவர்களை அழுத்தின. அவர்களின் பெண்கள் மேலாடைக்காகவே 1859 வரை போராட நேர்ந்தது. திருவிதாங்கூரில் அடிமைகள் என்று கணக்கில் வந்தவர்கள் புலையர், பறையர், குறவர் முதலானோர். 1836ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் மொத்த மக்கள் 12,80,668. அவர்களில் அடிமைகள் 1,64,864. எட்டுப் பேருக்கு ஒருவர்! அரண்மனையும் கோட்டையும் நிறைந்த நாவலில், கதையை நடத்திச்செல்லும் பாத்திரங்களில் ஒருவர்கூட இந்த எட்டில் ஒருவர் இல்லை.

சி.வி.க்கு முன்மாதிரி வால்டர் ஸ்காட்டின் ‘ஐவன்ஹோ’ என்று விமர்சகர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். மாறுவேடத்தில் திரும்பிவரும் நாயகன் முதல் பல ஒற்றுமைகள் உண்டு. அந்த ‘ஐவன்ஹோ’ எப்படித் தொடங்குகிறது? கர்த் என்ற பன்றிமேய்ப்பனோடு தொடங்குகிறது. அவன் கழுத்தில் கழற்றமுடியாத பித்தளைப் பட்டை. அதில் அவன் இன்னாருடைய பிறவி அடிமை என்று பொறித்திருக்கிறது. கதை முடிவதற்குள் அவனுக்கு விடுதலையும் கிடைக்கிறது. ஸ்காட்டிடமிருந்து மாறுவேடம் வந்தது, காதல் வந்தது, வீரம் வந்தது. கழுத்துப் பட்டையோடு நின்ற கர்த் மட்டும் கடல் தாண்டி நம் நாவலின் நடுவுக்கு வந்துசேரவில்லை.

“காலம் அப்படி” என்றால்

“அந்தக் காலத்தில் அப்படித்தான், சி.வி.யைக் குறை சொல்லலாமா?” என்று கேட்பீர்கள். குறை சொல்வது என் நோக்கமல்ல. ஆனால் “காலம் அப்படி” என்பது முழு உண்மையும் அல்ல. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது 1855இல். சி.வி. பிறந்தது 1858இல். அவர் பிள்ளையாக ஓடியாடிய நாளில் அந்நாட்டில் வாழ்ந்த பெரியவர்கள் பலர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். ‘மார்த்தாண்ட வர்மா’வுக்கு முன்பே, 1877இல், காலின்ஸ் என்ற மிஷனரி குடும்பத்தார் ஆங்கிலத்தில் எழுதிய கதை ‘காதகவதம்’ என்று மலையாளத்தில் நூலாக வந்தது. கொடிய எஜமானனும் அவனை மன்னிக்கும் கிறிஸ்தவப் புலைய அடிமையும்தான் அதன் பாத்திரங்கள். 1892இல் மலபாரில் போத்தேரி குஞ்ஞம்பு எழுதிய ‘சரஸ்வதீவிஜய’த்தில், அடிபட்டுச் செத்துப்போனதாகக் கருதப்பட்ட புலைய இளைஞன், படித்து ஜட்ஜியாகி, தன்னுடைய ‘கொலை’ வழக்கையே விசாரிக்கிறான்.

ஆக, அடிமையை எழுத முடியாத காலம் அல்ல அது. எழுதியவை பிரசார நூல்களாக நின்றன. கலையாக வென்ற நாவலில் அடிமை வரவில்லை. இந்த இடைவெளியில்தான் மறுபடி சொல்லுவதற்கு வேலை இருக்கிறது.

‘அடியேன்’ என்ற சொல்

கைகட்டி, வாய்பொத்தி நின்றான் என்று நாம் பேச்சுவாக்கில் சொல்கிறோம். இங்கே அது வெறும் சொல்லணி அல்ல. திருவனந்தபுரத்தில் ஊழியம் செய்த சாமுவேல் மேட்டீர் 1871இல் வெளியிட்ட நூலில், ஒரு புலையன் மேல்சாதியாரிடம் எப்படிப் பேசவேண்டியிருந்தது என்று விவரித்திருக்கிறார். ‘நான்’ என்று சொல்லக்கூடாது, ‘அடியன்’ என்றே சொல்லவேண்டும். தான் உண்பதைச் ‘சோறு’ என்னக்கூடாது, ‘கரிக்காடி’ என்னவேண்டும். தன் குழந்தைகளைக் குரங்கு என்றோ கன்று என்றோ குறிப்பிடவேண்டும். பேசும்போது மூச்சுக்காற்று எதிரே நிற்பவர்மேல் படாதபடி கையால் வாயைப் பொத்திக்கொள்ளவேண்டும். மேட்டீரின் நூலுக்குத் தலைப்பு ‘தரும நாடு’ என்று பொருள்படும்!

‘ஜேம்ஸ்’ நாவலில் குழந்தைகளுக்கு நடக்கும் அந்தப் பாடத்தை வாசித்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. எவரெட் கற்பனையில் செய்ததை இந்த ஊர் நடைமுறையாகவே வைத்திருந்தது. இங்கும் ஒரு தாய் தன் பிள்ளைக்கு இந்தப் பேச்சைக் கற்றுக்கொடுத்திருப்பாள். “உன்னைக் கன்றுன்னு சொல்லுவேன், வருத்தப்படாதே” என்று எந்தக் குரலில் சொல்லியிருப்பாள்?

‘அடியேன்’ நமக்குப் பழகிய சொல். பெரியவர்களைச் சேவிக்கும்போது சொல்கிறோம். பக்தியின் இனிமை அதில் இருக்கிறது. 1750இல் நாட்டையே ஸ்ரீபத்மநாபனுக்குத் தானம் செய்த மார்த்தாண்ட வர்மா, தம்மைப் பத்மநாபதாசன் என்று அழைத்துக்கொண்டார். அரசர் தாசன் ஆனது அவருக்குப் பெருமை. அவருடைய நாட்டில் உழுதவன் அடியன் ஆனது அவன் விருப்பத்தில் அல்ல. ஒரே சொல், இரண்டு வாயில் இரண்டு பொருள்.

பெரியபுராணத்தில் சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட கதையும் இப்படித்தான். கல்யாணப் பந்தலில் கிழவேதியர் வந்து, “உன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஆளோலை இது, நீ எனக்கு அடிமை” என்கிறார். கேட்கும் நமக்கு இது இறைவனின் விளையாட்டு. ஆனால் பாட்டன் கையெழுத்துப் போட்டால் பேரன் அடிமை என்பது ஊராருக்குப் புரிகிற வழக்கமாக இருந்ததால்தானே அந்த விளையாட்டு கதையாகிறது? அந்த ஓலையைக் கிழிக்கவும் முடியாமல், திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் போய் வழக்காடவும் முடியாமல் இருந்தவர்கள் அக்கதையை எப்படிக் கேட்டிருப்பார்கள்?

மறுபடி சொன்னால் என்ன மாறும்?

ஒருவர் இன்று ‘மார்த்தாண்ட வர்மா’வை அடிமையின் வாயால் சொல்ல உட்கார்ந்தால், முதலில் மாறுவது நிகழ்ச்சிகளின் வரிசை. சிம்மாசனம் யாருக்கு என்பது சி.வி.யின் கேள்வி. வயலில் நிற்பவனுக்கு அது கேள்வியே அல்ல. எட்டுவீட்டுப் பிள்ளைமார் அழிந்து அவர்களுடைய சொத்து அரசோடு சேர்ந்தது என்று சரித்திரத்தில் படிக்கிறோம். அந்த நிலத்தோடு ஒட்டியிருந்த ஆட்கள் யாரிடம் போனார்கள்? புருஷன் ஒருபுறம் பெண்டாட்டி ஒருபுறம் என்று பிரிந்தார்களா? சி.வி.க்குக் கதை முடிகிற இடத்தில் இவர்களுக்குக் கதை தொடங்கும். மலபாரில் 1800-01இல் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், அடிமைகளை விற்கவும் ஈடுவைக்கவும் வாடகைக்கு விடவும் ஜன்மம், காணம், பாட்டம் என்ற சொற்களே வழங்கியதை எழுதிவைத்திருக்கிறார். நிலத்துக்கு உள்ள அதே மூன்று சொற்கள்! இந்த மூன்று சொல்லே ஒரு நாவலுக்குப் போதும்.

இரண்டாவது, மொழி. இங்கேதான் எவரெட்டை அப்படியே பின்பற்றக்கூடாது என்பேன். ஜேம்ஸின் உள்மனம் எஜமானின் நூலகத்து ஆங்கிலத்தில் பேசுகிறது. கனவில் வால்டேரோடும் லாக்கோடும் வாதாடுகிறான். நையாண்டியாக அது பிரமாதம். ஆனால் படித்தவன்போல் பேசினால்தான் மனிதன் என்று ஒப்புக்கொள்வோம் என்றாகிவிடுகிறதே! அடிமைக் குடும்பத்தில் பிறந்த பொய்கையில் யோஹன்னான் (1879-1939), தன் இனத்தாரைப் பற்றி எந்தச் சரித்திரத்திலும் ஓர் எழுத்துகூட இல்லையே என்ற துயரத்தை எளிய மலையாளத்தில் பாடினார். இரவல் மொழி அவருக்குத் தேவைப்படவில்லை. நாஞ்சில் நாட்டு வயலில் நின்ற அடிமையின் பேச்சில் தமிழ் கலந்திருக்கும். அவன் வாயைப் பொத்தாமல் பேசும் பேச்சு அடுப்பங்கரைப் பேச்சாகவே இருக்கட்டும். அதிலேயே சிந்தனையும் உண்டு, கிண்டலும் உண்டு.

மூன்றாவது, யார் எழுதுவது? ராண்டாலும் எவரெட்டும் கறுப்பின எழுத்தாளர்கள். இங்கும் அந்த உரிமை முதலில் அந்த மூதாதையரின் வழிவந்தவர்களுக்கே. சி.வி. மறைந்தது 1922இல், அவர் நூலுக்குக் காப்புரிமை எப்போதோ தீர்ந்துவிட்டது. அமெரிக்காவில்போல் கோர்ட்டுத் தடை எதுவும் இல்லை. அப்படி ஒன்று வந்தால் சி.வி.க்கு அது அவமரியாதையும் அல்ல. ‘ஜேம்ஸ்’ படித்தவர்கள் ட்வெயினைத் தேடிப் படிக்கிறார்கள், என் பேத்தி உட்பட.

அப்படியானால் நமக்கு என்ன வேலை?

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. அது அவ்வளவு சுகமானதும் அல்ல. “அடிமைமுறை மலையாளத்தார் சமாசாரம், நாம் பிழைக்க வந்தவர்கள்” என்று ஒதுங்க முடியாது. நாஞ்சில் நாடு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் திரு-கொச்சியோடும் இருந்த பூமி. அங்கே நிலம் வைத்திருந்தவர்கள் தமிழர்கள். அந்த நிலத்தில் அடிமைகளாக இருந்தவர்களும் தமிழ் பேசியவர்கள். அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளை அ.கா. பெருமாள் நூலாக்கியிருக்கிறார்; அவற்றில் அடிமை ஓலைகளும் உண்டு. ஆ. சிவசுப்பிரமணியனின் ‘தமிழகத்தில் அடிமை முறை’ 2005இல் வெளிவந்தது. இரண்டையும் வீட்டில் வாங்கி வைக்கலாம்.

என் ஆச்சி பூதப்பாண்டிப் பக்கத்துக்காரி. கன்னிப்பூ, கும்பப்பூ அறுப்புக் கதைகளை ராத்திரி சொல்லுவாள். களத்தில் சூடடித்த மாடுகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லுவாள்: மயிலை, செவலை, காரி. அந்த மாடுகளை ஓட்டியவர்களைச் சொல்லும்போது “ஆளுவ” என்பாள், அவ்வளவுதான். சட்டப்படி அவர்கள் அடிமைகள் அல்ல. ஆனால் அவர்களுடைய பாட்டன்மார் அடிமைகள். ஆச்சி கெட்டவள் அல்ல. யார் பசித்து வந்தாலும் சாப்பாடு போட்டவள். ஆனால் அவளுக்கு ஒரு பெயர்கூட ஞாபகம் இல்லை. எனக்கும் கேட்கத் தோன்றியதில்லை.

நம் வீடுகளில் பரணிலோ பழைய பெட்டியிலோ இன்னும் ஓலைக்கட்டுகள் இருக்கக்கூடும். ஆடிப்பதினெட்டுக்கு ஆற்றில் விட்ட காலம் போகட்டும், செல்லரிக்கவும் விடாதீர்கள். காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் சுவடி நூலகம் இருக்கிறது. கோட்டைப் பகுதியில் ஆவணக் காப்பகத்தோடு ஓலைச்சுவடி அருங்காட்சியகம் 2022இல் திறக்கப்பட்டது. கொண்டுபோய்க் காட்டுங்கள். நிலம், தோட்டம், பாத்திரம் என்ற வரிசையில் நடுவே ஒரு மனிதப் பெயர் இருந்தாலும் இருக்கும். நம் குடும்பத்துக்கு அது பெருமை தராது. ஆனால் அந்தப் பெயர் தேவைப்படுகிற நாவலாசிரியர் எங்கேயோ படித்துக்கொண்டிருக்கிறார்.

‘ஜேம்ஸ்’ முடிகிற இடத்தில் அவனிடம் பெயர் கேட்கிறார்கள். அவன் தன் பெயரைச் சொல்கிறான். பேத்திக்கு நான் சொன்ன பதிலும் இவ்வளவுதான்: “சொல்லுகதுக்கு ஆளு உண்டு மக்களே. பேருதான் நம்மகிட்ட இல்ல.”